வேலணையில் ஒரு ணை

கனநாளாக இந்தப் பக்கம் வரவில்லை. பரீட்சை, பகுதிநேர வேலை, இரண்டுக்கும் நடுவில ஒரு செத்தவீடு. போன வருசம் அம்மம்மா இங்கே மெல்பேணில் மோசம் போயிட்டா. எண்பத்தெட்டு வயது.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேணும். (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: நாங்கள் கல்வெட்டு எண்டு சொல்லுறது கோயில் சுவரில இருக்கிறதை இல்லை. இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், உறவினரின் இரங்கல் எல்லாம் சேர்த்து அந்தியேட்டி அன்று வந்தவர்களுக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம்.) நான் வடிவமைப்புப் படிக்கிறவன். ஆகவே வேலை என் தலையில் விழுந்தது. எழுத்துரு தெரிவு செய்யிறதைப் பற்றி மூன்று வருசமாக வகுப்பில கதைத்த ஆளுக்கு இதென்ன பெரிய விசயம் எண்டுதான் நானும் நினைச்சன்.

முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு அம்மா ஒரே ஒரு வசனம் சொன்னா: "தம்பி, வேலணை எண்டு அம்மா இப்படி எழுதுறேல்லையே."

அம்மம்மாவின் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். அவ எழுதிய ணையில் முன்னால் தனியாக நிற்கும் இரட்டைச் சுழி இல்லை. யானை தும்பிக்கையைத் தூக்கினது போல ஒரு வளைவு ணகரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். லை, னை, ளை எல்லாம் அப்படித்தான். ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் கீழே சுழித்துக்கொண்டு போகும். அதை இங்கே தட்டிக் காட்டலாம் என்றால் முடியாது. நான் எதைத் தட்டினாலும் உங்கள் கணினியில் இருக்கிற எழுத்துரு எந்த வடிவத்தை வைத்திருக்கிறதோ அதுதான் உங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவின் சங்கதியே அதுதான்.

அம்மப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் கொம்பொசிற்றர், அதாவது அச்சுக்கோப்பாளர். அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஈயத்தைத் தொட்ட கையோடு அவரைச் சாப்பிட விடமாட்டாவாம். ஆகவே கதையை ஈயத்திலிருந்தே தொடங்குவம்.

இந்திய மொழிகளில் முதலில் அச்சேறியது தமிழ். 1578 இல் கொல்லத்தில் அடித்த 'தம்பிரான் வணக்கம்' வெறும் 16 பக்கம். என்றீக்கே என்றீக்கசு (அண்டிரிக்கு) பாதிரியார் மொழிபெயர்த்தது. அதன் பிரதி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வார்டில் இருக்கிறது.

அதற்குப் பிறகு தரங்கம்பாடி. சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713 இல் வந்து சேர்ந்தன. எழுத்துகள் மிகப் பெரிசு. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அடித்தால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாற்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை அதற்கு உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிய ஏற்பாடு 1715 இல் முடிந்தது. எழுத்தின் அளவு கூடினால் பக்கம் கூடும், பக்கம் கூடினால் காசு கூடும். முந்நூறு வருசம் கழித்து, 44 பக்கத்துக்குள் கல்வெட்டை அடக்க நான் பட்ட பாடும் அதேதான்.

எங்கட பக்கம் வந்தால், அமெரிக்க மிசன் 1841 இல் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கியது. பாதிரிமாரின் அச்சுக்கு அச்சாலேயே பதில் சொல்ல ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை போய் அச்சுயந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். அம்மப்பாவின் தொழிலுக்கு அந்த இரண்டு பக்கமும்தான் பாட்டன்மார்.

இனி ஒரு நுணுக்கம். 'வே' என்று அச்சுக்கோர்க்கிறவர் முதலில் இரட்டைக் கொம்பை எடுப்பார், பிறகு வகரத்தை வைப்பார். வாய் சொல்லுறது வகரத்தை முதலில். கை எடுக்கிறது கொம்பை முதலில். தமிழ்த் தட்டச்சுப் பொறியும் கையின் வரிசையைத்தான் பின்பற்றியது. அதைச் செய்த ஆர். முத்தையா 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாப் பக்கம் போனவர். பொறியை ஜெர்மனியில் செய்வித்தார்.

அந்தத் தட்டச்சுப் பழக்கம் கணினிக்குள் வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது பாமினி. தமிழ்நாட்டில் தட்டச்சு வகுப்புக்குப் போனவர்களுக்கு 'யளனகப' பாடம் நினைவிருக்கும். பாமினியிலும் இடது கைக்கு அதே வரிசைதான். ஈழத்தமிழர் போன இடமெல்லாம் பாமினியும் போனது. கடைப் பலகை, கலியாணக் காட், மரண அறிவித்தல், எல்லாம் பாமினி. ஆனால் அது ஒரு முகமூடி. கணினியைப் பொறுத்தவரை பாமினியில் தட்டிய 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. முகமூடியைக் கழற்றினால் ஆங்கிலக் குப்பை.

யூனிகோட் வந்ததும் வரிசை மாறியது. முதலில் வகரம், பிறகு கொம்பு. அதாவது வாய் சொல்லுகிற வரிசை. கொம்பை முன்னுக்குக் கொண்டுபோய் வைக்கிறது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் நின்று பல்லைக் காட்டும். பக்க வடிவமைப்புக்கு எல்லாரும் பாவிக்கிற இன்டிசைனே தமிழை ஒழுங்காகத் தாங்கத் தொடங்கியது 2012 இன் சிஎஸ்6 இல்தான். எங்கட அச்சகங்கள் பாமினியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுக்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. (என் முதற்படியில் நானும் உரைக்கோர்வை அமைப்பை மாற்ற மறந்து, ஒரு பக்கம் முழுக்கக் கொம்புகள் இடம்மாறிக் கிடந்தது வேற கதை.)

சரி, தும்பிக்கை எங்கே போனது? பெரியார் 1935 இலேயே 'குடி அரசு' பத்திரிகையில் அந்த வடிவங்களை விட்டுவிட்டார். மற்ற எழுத்துகள் போகிற வழியில் இவையும் போனால் படிக்கிற பிள்ளைக்கும் சுகம், அச்சுக்கோர்க்கிறவருக்கும் சுகம் என்பது அவர் வாதம். எம்.ஜி.ஆர். அரசு 1978 இல் ஆணை போட்டு அதை ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. ணை, லை, ளை, னை. ஆகமொத்தம் 13 எழுத்து. நியாயமான திருத்தம்தான், நான் எதிர்க்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசின் ஆணை வேலணையில் 1940களில் பள்ளிக்கூடம் போன ஒரு பெண்ணின் கையை மாற்றுமா? அவ கடைசிவரை பழைய ணைதான் எழுதினா.

இங்கேதான் எனக்கு ஒரு விசயம் வெளிச்சது. யூனிகோட்டில் பழைய ணைக்கும் புது ணைக்கும் தனித்தனி எண் கிடையாது. இரண்டும் அதே ணகரம், அதே ஐகாரக் குறி. எது தெரியவேணும் என்று முடிவெடுக்கிறது எழுத்துரு. அப்படியென்றால் ஒரு தமிழ் எழுத்துருவைத் தெரிவு செய்யிற ஒவ்வொரு தடவையும் நாங்கள் ஒரு காலத்தையும் தெரிவு செய்யிறம். வகுப்பில ஹெல்வெற்றிக்காவா, பியூச்சுராவா எண்டு அடிபட்டபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

என்ன செய்தேன் என்று சொல்லுறன். 2005 இலிருந்து ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் தளத்தில் பழைய நினைவு மலர்களும் கிடக்கின்றன. ஈய எழுத்தில் அடித்த பக்கங்களைப் பெருப்பித்துப் பார்த்து அந்த வளைவைப் படித்தேன். நோட்டோ செரிப் தமிழ் எழுத்துரு திறந்த உரிமத்தில் வருவதால் அதில் கைவைக்கலாம். போன்ட்ஃபோர்ஜ் என்ற இலவச மென்பொருளில் ஏழு வடிவங்களை வரைந்து சேர்த்து, வேறு பெயரில் சேமித்தேன். பத்து இரவு போனது. லைதான் ஆகக் கஷ்டம். வளைவு கொஞ்சம் உயர்ந்தால் மேல்வரியில் போய் முட்டும். ஆகவே வரிகளுக்கு இடையில் இடைவெளியைக் கூட்ட வேண்டியிருந்தது.

முழுப் புத்தகத்தையும் அதில் போட்டுப் பார்த்தேன். எனக்கே கண்ணில தண்ணி வந்தது. அம்மா ஒன்றும் கதைக்கவில்லை, தடவிப் பார்த்தா. ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பதினொரு வயது மச்சாள் முதல் வரியிலேயே நின்றிட்டாள். "அண்ணா, இது என்ன எழுத்து?"

அவளும் அம்மம்மாவின் பேத்திதான். அவளால் வாசிக்க முடியாத புத்தகத்தை அம்மம்மா விரும்பியிருப்பாவோ? ஆகவே முடிவை மாத்தினன். வாழ்க்கை வரலாறும் இரங்கலும் இன்றைய எழுத்தில். முகப்பு, ஊர்ப்பெயர், அம்மம்மா எனக்கு எழுதிய ஒரு கடிதம், இந்த மூன்றும் மட்டும் பழைய எழுத்தில். மச்சாளுக்கு அந்த ஏழு எழுத்தையும் ஒரு தாளில் எழுதிக் குடுத்தன். பின்னேரமே கடிதத்தை வாசித்து முடித்திட்டாள்.

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் அம்மப்பாவோடு வேலை செய்த ஒரு ஐயா வந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி முகப்பைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது ஈயத்தில அடிச்சதோ?" என்றார். இல்லை, கொம்பியூட்டர் என்றேன். கனநேரம் பேசாமல் இருந்து பக்கங்களைத் தட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு மெல்லச் சொன்னார்: "தம்பி, வேலணை சரி. ஆனா ஏழாம் பக்கத்தில ஒரு ஒற்று விட்டுப்போச்சு."

அம்மப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

உங்கட வீட்டு அலுமாரியில் 1978 க்கு முந்திய கல்வெட்டோ, கலியாணக் காட்டோ, கடை விளம்பரமோ இருந்தால் எறிஞ்சு போடாதேங்கோ. ஒரு நல்ல ஸ்கான் எடுத்து வையுங்கோ. ஆறு எழுத்து இன்னும் வரையக் கிடக்கு.