பிச்சைப் பாத்திரத்தில் விழுந்த இறைச்சி

பிக்குகள் வாழ்நாள் முழுதும் காட்டில் வாழ வேண்டும், பிச்சையெடுத்தே உண்ண வேண்டும், கந்தலையே உடுத்த வேண்டும், மரத்தடியிலேயே தங்க வேண்டும், மீனையும் இறைச்சியையும் தொடக் கூடாது. தேவதத்தன் என்ற பிக்கு புத்தர்முன் வைத்த இந்த ஐந்து கோரிக்கைகளைத் துறவியரின் ஒழுங்கு நூலான விநய பிடகம் பதிவு செய்திருக்கிறது. எதையும் கட்டாயமாக்கப் புத்தர் உடன்படவில்லை.

கொல்லாமையை முதல் சீலமாக வைத்த நெறி புலால் மறுப்பை விதியாக்காதது ஏன்? விடை பிச்சைப் பாத்திரத்தில் இருக்கிறது. இட்டதை ஏற்பவன் பிக்கு. இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினால் அவன் விருந்தாளி. ஆகவே மூன்று நிபந்தனைகள் மட்டும் வந்தன. தனக்காகவே அந்த விலங்கு கொல்லப்பட்டதைப் பிக்கு கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, அப்படியோ என்று ஐயுற்றிருக்கவும் கூடாது.

இவற்றோடு பத்து வகை இறைச்சி அடியோடு விலக்கப்பட்டது. காரணங்கள் சுவையானவை. பஞ்ச காலத்தில் மக்கள் அரசனின் யானைகள் செத்தபோது அவற்றைத் தின்று பிக்குகளுக்கும் இட்டார்கள். யானை அரசனுடைய படையுறுப்பு என்பதால் அது கூடாதென்றானது. சிங்க இறைச்சி உண்டு காட்டுக்குப் போன பிக்குகளை அந்த வாடையை மோப்பம் பிடித்த சிங்கங்கள் தாக்கின, அதுவும் விலக்கானது. தத்துவத்தைவிட அன்றாடப் பட்டறிவே இங்கே விதி வகுத்திருக்கிறது.

தத்துவமும் இல்லாமல் இல்லை. வினை என்பது எண்ணமே என்பது பௌத்தத்தின் அடிப்படை. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் உரை எழுதிய புத்தகோசர் கொலைக்கு ஐந்து உறுப்புகள் சொல்கிறார்: உயிர் இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், முயற்சி, சாவு. பாத்திரத்தில் விழுந்ததை உண்பவனிடம் அந்த எண்ணம் இல்லை. ஆனால் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்பது இல்லறத்தாருக்குத் தகாது என்கிறது அங்குத்தர நிகாயம். விற்பவனுக்குப் பழி, உண்பவனுக்கு விடுதலை! இந்த விரிசலை முழுதாக அடைக்க முடியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் கொல்லாமையை அரசாணையாக்கினார். முன்பு அரண்மனை மடைப்பள்ளியில் நாள்தோறும் இலட்சக்கணக்கில் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது இரண்டு மயில், ஒரு மான் மட்டுமே, அந்த மானும் எப்போதும் இல்லை, இனி அவையும் கொல்லப்படா என்கிறது அவரது முதல் பாறைக் கல்வெட்டு. தன் சமையற்கட்டுக் கணக்கை இவ்வளவு வெளிப்படையாகக் கல்லில் வெட்டிவைத்த அரசர்கள் அரியர்.

தமிழில் பௌத்தக் காப்பியமான மணிமேகலை வேறு வழியில் போகிறது. வேள்விக்குக் கட்டிய பசுவை இரவில் மீட்கும் ஆபுத்திரன், பின்னர் அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவிடுகிறான். பசிப்பிணியே அக்காப்பியத்தின் முதற்கவலை.

உண்பவன் இல்லையேல் கொல்பவனும் இல்லை என்று விரிசலை நேராகத் தொட்டது மகாயானத்தின் லங்காவதார சூத்திரம். அது நிகழும் களம் இலங்கை. ஆனால் அதன் புலால் மறுப்பு வேர்விட்டது சீனத்தில். லியாங் பேரரசர் வூ (ஆட்சி 502-549) துறவியர் மதுவும் இறைச்சியும் விடவேண்டும் என வற்புறுத்தினார். 517இல் முன்னோர் வழிபாட்டின் உயிர்ப்பலியையும் நிறுத்தினார். அங்கே மடங்களுக்கு நிலமும் அடுக்களையும் வாய்த்தன. தானே சமைப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. வாசலில் நிற்பவருக்கு இல்லை. இன்று இலங்கையில் பிக்குவின் தட்டில் மீன் இருப்பதும், தைவானில் துறவியின் தட்டில் பூண்டுகூட இல்லாததும் கருணை கூடியோ குறைந்தோ வந்த வேறுபாடு அல்ல.

பயிர் அருகிய திபெத்தில் துறவியரும் இறைச்சி உண்டனர். அங்கேயே அதைக் கடிந்து எழுதிய சப்கார் (1781-1851) போன்றோரும் இருந்தனர். ஜப்பானில் 1872இல் மெய்ஜி அரசு, பிக்குகள் இறைச்சி உண்பதும் மணம் புரிவதும் அவரவர் விருப்பம் என்று ஆணையிட்டது. ஆனாலும் கோயா மலை மடங்களில் தங்குவோருக்கு இன்றும் பரிமாறப்படுவது புலால் இல்லாத ஷோஜின் உணவுதான்.