குறையுணவும் அதன் ஒப்பிகளும்

ஹைதராபாத்தில் தார்நாக்கா வழியே செல்லும் நம்மவர்கள் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தைக் கண்டிருப்பர். அதுவும் நம்மைப் போலத் தமிழகத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்ததுதான். 1918இல் குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில் தொடங்கிய பணி, 1958இல் இந்நகருக்கு வந்தது.

உணவின் குறைபாட்டை ஆராயப் பிறந்த அந்நிலையத்தின் எலிக் குலத்தில், 1990களில் அடங்காப் பசியுடைய பருத்த எலிகள் தாமாகவே தோன்றின. ஒரு கிலோவுக்கு மேலும் எடை ஏறிய அவை குறைந்த ஆயுளே வாழ்ந்தன.

உணவைக் குறைத்தால் ஆயுள் கூடுமோ? கூடும் என்று 1935இலேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மக்கே எலிகளைக் கொண்டு காட்டியிருந்தார். சத்துகள் குறையவில்லை, கலோரி மட்டுமே குறைந்தது. மனிதரிடத்தும் இச்சோதனை நடந்தது. பருமனற்ற 218 பேர் ஈராண்டுகள் பங்கு கொண்டனர். கால் பங்கு குறைப்பதாகத் தொடங்கியவர்களால் ஏறத்தாழ 12 விழுக்காடே குறைக்க முடிந்தது! ஆயினும் அவர்களுடைய இரத்த அழுத்தமும் தீய கொழுப்பும் தணிந்தன என்று 2019இல் வெளியான முடிவு கூறியது.

பசி பொறுத்தல் அத்துணை அரிதாகையால், குறையுணவின் பயனை மருந்தால் பெறும் முயற்சி எழுந்தது. இம்மருந்துகளைத் தமிழில் ‘போலிகள்’ என்றால் கள்ளச் சரக்கு என்னும் பொருள் ஏறிவிடும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நாம் ‘ஒப்பிகள்’ என்கிறோம்.

அவற்றுள் ராபமைசினின் கதை சுவையானது. 1964இல் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணிலுள்ள நுண்ணுயிர் ஒன்றிலிருந்து, கனடாவில் பணிபுரிந்த சுரேந்திரநாத் சேகல் குழுவினர் அதனைப் பிரித்தெடுத்தனர். உணவு குறைந்ததென உயிரணு உணர்ந்தால் வளர்ச்சியை நிறுத்தித் தன் பழுதுகளைச் சீர்செய்யும். ராபமைசின் உணவிருக்கும்போதே அவ்வுணர்வை உண்டாக்குகிறது. 2009இல் வயது முதிர்ந்த சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோதும் ஆயுள் நீண்டது. முதிய இதயம் தேறியதைப் பின்வந்த ஆய்வுகள் கண்டன.

நீரிழிவுக்கு நம் இல்லங்களில் பழகிய மெட்பார்மினும் இவ்வரிசையில் எண்ணப்படுகிறது. பருமனுடைய நீரிழிவாளரிடையே அது மாரடைப்பைக் குறைத்ததாக 1998இல் பிரிட்டனில் கண்டனர். திராட்சைத் தோலிலுள்ள ரெஸ்வெரட்ரால் எழுப்பிய ஆரவாரத்தின் அளவுக்குப் பயன் தரவில்லை.

நலமுடைய மனிதரின் இதயத்தை இவற்றுள் எதுவும் காக்குமென்று இன்னும் நிறுவப்படவில்லை. ராபமைசினோ, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதிருக்க நோயெதிர்ப்பை அடக்குவதற்கென்றே 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து.