மிராஜுக்குப் பக்கத்தில் ஒரு லாஞ்சு

போன மே மாதம் காரங்காட்டுக்குப் போனபோது என் பையில் ஒரு மிராஜ் 2000 இருந்தது. உலோக வார்ப்பு, 1:72 அளவு. நிஜ விமானத்தின் நீளம் 14.36 மீட்டர், 72-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். இந்திய விமானப்படையின் மூவர்ண வட்டம் போட்டது. விலையை வீட்டில் சொல்லவில்லை.

பெரியப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு யாழ்ப்பாணம் போனது இதானா?"

"துணைக்குப் போனது பெரியப்பா."

"சரி. போட்டு எங்க?"

பதில் இல்லை என்னிடம்.

1987 மே கடைசியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியது. ஜூன் 3 அன்று ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களுடன் சுமார் 20 படகுகள் யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பின. ஆயுதம் கிடையாது. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்தது. படகுகள் திரும்பிவிட்டன. மறுநாள், ஜூன் 4, பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள் பறந்தன. காவலுக்கு ஏவுகணை பூட்டிய மிராஜ்கள். சுமார் 25 டன் பொருட்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பாராசூட்டில் விழுந்தன. 'ஆபரேஷன் பூமாலை' என்று பெயர். லட்சக்கணக்கான மக்களுக்கு 25 டன் எத்தனை வேளை வரும்? அது சோறு என்பதைவிட கொழும்புக்கு அனுப்பிய சேதி. ஜூலை 29-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபரில் இந்திய அமைதிப்படையே யாழ்ப்பாணத்தில் போரில் இருந்தது.

பெரியப்பா அப்போது ராமேஸ்வரத்தில் கூலிக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஜூன் 3 அன்று கரையில் நின்ற கூட்டத்தில் ஒருவர். "போனவன் திரும்பி வர்ற வரைக்கும் யாருக்கும் சோறு எறங்கல" என்றார். நான் படித்த விமானக் கட்டுரைகளில் இந்தப் படகுகளுக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது, முன்கதைபோல.

சேகரிப்பாளனாக எனக்குக் காரணம் தெரியும். வார்ப்பு மாதிரிக்கு முதலில் எஃகில் அச்சு வெட்ட வேண்டும். உருக்கிய துத்தநாகக் கலவையை அழுத்தத்தோடு அதற்குள் செலுத்துவார்கள். செலவு முழுக்க அச்சில்தான். ஆகவே ஒரே மிராஜ் அச்சை வைத்து பிரான்ஸ், கிரீஸ், தைவான், இந்தியா என்று பெயின்ட்டை மட்டும் மாற்றி விற்கலாம். ராமேஸ்வரம் லாஞ்சுக்கு யார் அச்சு வெட்டுவார்கள்? அதை வாங்க எத்தனை பேர்? எனக்கே இத்தனை வருஷமாகத் தோன்றவில்லையே. இந்தக் கரையில் பிறந்த குடும்பம், அலமாரியில் பதினோரு போர் விமானம், ஒரு படகுகூடக் கிடையாது.

அதற்குப் பின்னும் இதே பாக் ஜலசந்தியில் துப்பாக்கிச் சூட்டில் எத்தனையோ மீனவர்கள் செத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக எந்த மிராஜும் பறக்கவில்லை.

"அப்ப லாஞ்சு எவ்வளவு நீளம் பெரியப்பா?"

"நாங்க போனது நாப்பதடி."

போனில் கணக்குப் போட்டேன். 17 சென்டிமீட்டர். மிராஜைவிட மூன்றுதான் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

வெளியே சதுப்புக்காட்டைப் பார்க்க வந்தவர்களை வனத்துறைப் படகு ஏற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படகை வரைய ஆரம்பித்தார். அணியம் எவ்வளவு தூக்கல், இன்ஜின் எங்கே, வலை எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பக்கத்தில் அளவுகளை எழுதிக்கொண்டேன். பால்சா மரம் வாங்க வேண்டும்.