சீட்டின் பின்புறம்: கப்பல் கட்டணமும் ஒப்பந்தமும் கடந்து வந்த பாதை



கடந்த பள்ளி விடுமுறையில் என் தாயாரைச் சொகுசுக் கப்பலில் அழைத்துச் செல்ல எண்ணினேன். 1950-களில் ஏழு வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவர் அவர். அதன் பின்னர் எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் மூன்று இரவுப் பயணத்திற்கு நால்வருக்கு முன்பதிவு செய்து, கெடுவுக்குள் முழுத்தொகையையும் செலுத்தினேன். மூன்று வாரங்கள் சென்றன. அதே கப்பல், அதே நாள், அதே வகை அறை. ஆனால் ஒருவருக்கு 310 ரிங்கிட் குறைவு என்று விளம்பரம் வந்தது. நால்வருக்குக் கணக்கிட்டால் 1,240 ரிங்கிட்!

முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "முழுப் பணமும் கட்டியாச்சு டீச்சர். இனி விலை குறைஞ்சாலும் ஒன்னும் செய்ய முடியாது. ஒப்பந்தத்திலேயே இருக்கே, பார்க்கலையா?" என்றார். அன்றிரவுதான் அந்த ஒப்பந்தத்தை முதன்முறையாகப் படித்தேன். "கேள்விக்கு முன் கட்டளையை வாசியுங்கள்" என்று மாணவர்களிடம் நாள்தோறும் சொல்லும் நான், கையெழுத்திட்ட பிறகே வாசித்திருக்கிறேன். அந்த வெட்கமே என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

கட்டணம் ஏன் விழுகிறது?

கப்பல் கட்டணம் சரிவது புதிய செய்தியன்று. 1904-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் நிறுவனங்களுக்கிடையே மூண்ட கட்டணப் போரில், பிரிட்டனிலிருந்து அமெரிக்கா செல்லும் கீழ்த்தளப் பயணக் கட்டணம் 2 பவுண்டு வரை இறங்கியது. நம்மவர் நன்கறிந்த எடுத்துக்காட்டும் ஒன்றுண்டு. 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் தன் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. பயணிகள்மீது கொண்ட பரிவு அதற்குக் காரணமன்று. போட்டியாளரை வீழ்த்துவதே நோக்கம். 1908-இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911-இல் சுதேசி நிறுவனம் மூடப்பட்டது. என் தாயார் வந்த ரஜுலாவும் அதே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல்தான்.

இன்றைய சரிவுக்குக் காரணம் வேறு. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்த கணமே, விற்காத அறையின் மதிப்பு சுழியமாகிவிடும். நேற்று விற்காத கீரையைப் போன்றது அது. 1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தை இயற்றிய பின்னர், விமான நிறுவனங்கள் ஒரே வகை இருக்கையை வெவ்வேறு நாளில் வெவ்வேறு விலைக்கு விற்கக் கணினியைப் பயன்படுத்தத் தொடங்கின. சொகுசுக் கப்பல்களும் அவ்வழியையே பின்பற்றின. அறைகள் விரைந்து விற்றால் விலை ஏறும், தேங்கினால் இறங்கும். முன்னரே வாங்கியவர் ஏமாற்றப்பட்டார் என்று அவர்கள் கருதுவதில்லை. அவர் அன்றைய விலையை ஏற்றுக்கொண்டார், அவ்வளவே.

சீட்டில் எழுதியது யாரைக் கட்டுப்படுத்தும்?

பயணச்சீட்டின் பின்புறத்தில் நிபந்தனைகளை அச்சிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. டப்ளினிலிருந்து வைட்ஹேவன் சென்ற ஒரு பயணியின் கப்பல் விபத்துக்குள்ளாகி, அவருடைய உடைமைகள் அழிந்தன. "இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று சீட்டின் பின்புறத்தில் இருந்தது. முன்புறத்திலோ ஊர்ப் பெயர்கள் மட்டுமே இருந்தன. பின்புறத்தைப் பார்க்குமாறு ஒரு சொல்லும் இல்லை. 1875-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை, அந்நிபந்தனை பயணியைக் கட்டுப்படுத்தாது எனத் தீர்ப்பளித்தது.

நிறுவனங்கள் இதிலிருந்து பாடம் கற்றன. "நிபந்தனைகளைப் படிக்கவும்" என்று முன்புறத்திலேயே அச்சிட்டன. நியூயார்க்கிலிருந்து கிளாஸ்கோ சென்ற கப்பலில் காயமுற்ற ஒருவரின் வழக்கு 1918-இல் அதே அவைக்கு வந்தது. இழப்பீடு 10 பவுண்டுக்கு மேல் இல்லை என்பது நிபந்தனை. அவர் அதைப் படிக்கவேயில்லை. ஆனாலும், படிக்கும்படி போதிய அறிவிப்புக் கொடுத்தாகிவிட்டது. படிக்காதது அவர் குற்றம் என்பதே தீர்ப்பின் சாரம். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் பொறுப்பு நிறுவனத்தின் தோளிலிருந்து பயணியின் தோளுக்கு இடம் மாறிவிட்டது.

1991-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

சொகுசுக் கப்பல் ஒப்பந்தங்களின் வரலாற்றில் மிக முக்கியமானது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் கார்னிவல்–ஷூட் வழக்கு. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷூட் தம்பதியர் லாஸ் ஏஞ்சல்ஸில் கப்பலேறினர். மெக்சிகோ கடற்பகுதியில் திருமதி ஷூட் வழுக்கி விழுந்து காயமுற்றார். எந்த வழக்கையும் புளோரிடாவில்தான் தொடுக்க வேண்டும் என்பது சீட்டிலிருந்த விதி. அவர்களின் வீட்டுக்கும் புளோரிடாவுக்கும் இடையே ஒரு கண்டமே கிடந்தது.

ஏழு நீதிபதிகள் நிறுவனத்தின் பக்கம் நின்றனர். அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. இத்தகைய விதியால் நிறுவனத்தின் செலவு குறைகிறது. அதன் பயன் குறைந்த கட்டணமாகப் பயணிகளைச் சேர்கிறது என்றனர். மாறுபட்ட இருவருள் ஒருவரான நீதிபதி ஸ்டீவன்ஸ், பெரும்பாலான பயணிகளுக்குப் பணம் செலுத்திய பின்னரே சீட்டு கைக்கு வருகிறது என்பதைச் சுட்டினார். அப்போது விதி பிடிக்காவிட்டாலும், பணத்தை இழந்து பயணத்தைக் கைவிடத் துணிபவர் யார்?

விலை ஏறினால்?

2007-இன் இறுதியில் எண்ணெய் விலை உயர்ந்தபோது, சில நிறுவனங்கள் முன்பே பதிவு செய்தவர்களிடமும் எரிபொருள் கூடுதல் கட்டணம் கேட்டன. ஒப்பந்தம் இடங்கொடுத்தால், விலை ஏறும்போது பழைய பயணியும் புதிய விலைக்கு ஆளாவார். இறங்கும்போது மட்டும் அவர் பழைய விலையிலேயே நிற்பார்! புளோரிடா மாநிலத் தலைமை வழக்கறிஞர் தலையிட்டார். 2008-இல் கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரண்டும் அவ்வாறு முன்பதிவுக்குப் பின் சேர்த்த தொகையைத் திருப்பித் தர இணங்கின. ஒப்பந்தத்திற்கும் ஓர் எல்லையுண்டு என்பதற்கு இதுவே சான்று.

நான் கற்ற பாடம்

1. முழுத்தொகைக் கெடுவை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கெடுவுக்கு முன் விலை இறங்கினால், பல நிறுவனங்களில் புதிய விலையைக் கேட்டுப் பெறலாம், அல்லது விலக்கிக்கொண்டு மீண்டும் பதியலாம். கெடுவுக்குப் பின் அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடும்.

2. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். திரும்பாத முன்பணமுள்ள சீட்டு மலிவாகத் தோன்றும். விலக்கும்போதுதான் அதன் உண்மை விலை தெரியும்.

3. முகவர் வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு ஒரு ரிங்கிட்கூடத் திரும்பவில்லை. ஒப்பந்தப்படி அவர்கள் செய்தது சரியே. கப்பலில் அம்மாவிடம் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டேன். கடலைப் பார்த்தபடியே அவர் சொன்னார்: "உங்க தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாதும்மா. கொடுத்த சீட்டை மடியில முடிஞ்சுக்கிட்டுக் கப்பலேறினாரு. நீ டீச்சர். உனக்கென்ன?"

அதற்கு என்னிடம் விடையில்லை. பள்ளி திறந்ததும் அந்த ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தைத் தமிழில் எளிமையாக எழுதி, ஆண்டு 6 மாணவர்களுக்குக் கருத்துணர்தல் பயிற்சியாகக் கொடுத்தேன். "டீச்சர், அவங்க விலையை மாத்தலாம், நாம மாத்த முடியாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.