ஒரு வேட்டைத் துப்பாக்கிக்கு என்ன விலை?



ஆரல்வாய்மொழியில் பேருந்தை விட்டு இறங்கியதும் முதலில் முகத்தில் அறைவது காற்றுதான். இரு பக்கமும் மலை நிற்க, நடுவில் உள்ள கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிறது. முப்பந்தல் வரை காற்றாலைகள் சுழன்றபடி நிற்கின்றன. மாணவர்கள் சிலரோடு அங்கே ஒரு வரலாற்று நடைக்குப் போயிருந்தோம். 1809இல் இங்கு நடந்த சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் தன் கைபேசியை நீட்டினார். வெளிநாட்டு ஏலப் பட்டியல் ஒன்று. அதில் ஒரு பழைய இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி. 'இந்திய மன்னர் ஒருவருக்காகச் செய்யப்பட்டது' என்று கீழே குறிப்பு. விலையோ நம் ஊரில் ஒரு வீடு கட்டும் தொகை.

"இரும்பும் மரமும்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு விலை?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் எப்படி விலை மதிக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். முதலாவது, செய்தவர் யார் என்பது. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பெயர்கள் குழலில் பொறிக்கப்பட்டிருந்தால் மதிப்பு ஏறும். இரண்டாவது, வரிசை எண். பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு துப்பாக்கியையும் பேரேட்டில் பதிந்து வைத்தன. எந்த ஆண்டு, யார் கேட்டு, எந்த அளவில் செய்யப்பட்டது என்று நூறாண்டு கழிந்த பிறகும் எண்ணைக் கொண்டு தேடி எடுக்கலாம். மூன்றாவது, சோதனை முத்திரை. லண்டனிலும் பர்மிங்காமிலும் குழலை அதிக வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள்.

நான்காவது, நிலைமை. குழலின் உள்ளே உள்ள சுருள் காடி தேயாமல் இருக்கிறதா, துரு தின்றிருக்கிறதா, கட்டையில் கைப்பிடிக்கும் இடத்தில் விரிசல் உண்டா என்று பார்ப்பார்கள். புதிதாக மெருகேற்றினால் விலை கூடும் என்று நாம் நினைப்போம். உண்மையில் குறையும். பழைய மேற்பூச்சு அப்படியே இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

ஐந்தாவதுதான் விலையைப் பல மடங்காக்குவது. அது கைமாறிய வரலாறு. யாருடைய கையில் இருந்தது, யார் பரிசளித்தார், எந்த அரண்மனைச் சுவரில் தொங்கியது என்ற வம்சாவளி. ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் செய்த இரண்டு துப்பாக்கிகளில், ஒன்றின் பின்னால் ஒரு மன்னர் பெயர் இருந்தால் அதன் விலையே வேறு.

இந்த வம்சாவளியில் யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் விடுபடுகிறது? இதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம்.

436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் சுட்டார். அதற்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் அவருக்கு .275 ரிக்பி ரைபிள் ஒன்றை அளித்தார். கட்டையில் வெள்ளித் தகடு பதித்து விவரம் பொறித்திருக்கிறார்கள். 2015இல் ரிக்பி நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது. உலகில் மிகவும் பேசப்படும் வேட்டைத் துப்பாக்கிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் அந்தப் புலியைக் கொன்றது அந்தத் துப்பாக்கி அல்ல. கார்பெட்டே தன் நூலில் எழுதியிருக்கிறார். அவர் கையில் இருந்தது .500 ரைபிளும் மூன்று தோட்டாக்களும். தோட்டா தீர்ந்ததும் தாசில்தாரின் பழுதான துப்பாக்கியை வாங்கித்தான் கடைசியாகச் சுட்டார். அதற்கு முன் காடு கலைத்துப் புலியை வெளியே விரட்டியவர்கள் ஏறத்தாழ 300 ஊர்க்காரர்கள். அவர்களை வரவழைக்கத் தாசில்தார் ஒரு சலுகை அறிவித்தார்: உரிமம் இல்லாத துப்பாக்கியைக் கொண்டு வந்தாலும் அன்று மட்டும் கண்டுகொள்ள மாட்டோம், தோட்டாவும் தருவோம். ஒளித்து வைத்திருந்த அத்தனை பழைய துப்பாக்கிகளும் அன்று வெளியே வந்தன.

பின்னால் நடந்த தர்பாரில் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி, கார்பெட்டோடு துணைக்கு நடந்த ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு வேட்டைக் கத்தி. பரிசிலேயே படிநிலை இருப்பதைப் பாருங்கள். வெள்ளைக்காரருக்கு ரைபிள், அதிகாரிக்குத் துப்பாக்கி, ஊர்க்காரருக்குக் கத்தி. தட்டும் கூச்சலுமாகப் புலியின் எதிரே நின்ற மற்றவர்களுடைய பெயர்கள் அந்த வெள்ளித் தகட்டில் இல்லை. புல்லறுக்கவும் தழை ஒடிக்கவும் போய்ப் புலிக்கு இரையான பெண்களின் பெயர்களும் இல்லை.

ஊர்க்காரர்கள் துப்பாக்கியை ஏன் ஒளித்து வைத்திருந்தார்கள்? 1857 எழுச்சிக்குப் பிறகு வெள்ளை அரசு இந்நாட்டு மக்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிப்பதில் குறியாக இருந்தது. 1878இன் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் ஐரோப்பியருக்கும் பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கும் விலக்கு கொடுத்தது. வேட்டைத் துப்பாக்கியின் குழல் அளவில்கூட இந்த அச்சத்தின் தடம் இருக்கிறது. 1907 வாக்கில் .450 அளவு துப்பாக்கிகளுக்கு இந்தியாவில் தடை வந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி இராணுவத் துப்பாக்கிக்கும் அதே அளவு என்பதால், தோட்டா கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்று அரசு பயந்தது. உடனே லண்டன் நிறுவனங்கள் .465, .470, .475 என்று புது அளவுகளைச் செய்து, இந்தியாவுக்கு வேட்டைக்கு வருகிறவர்களுக்கு விற்றன. இன்று சேகரிப்பாளர்கள் '.470' என்று வியந்து பேசும் அளவு, மக்கள் கையில் ஆயுதம் போய்விடக் கூடாது என்ற பயத்தில் பிறந்தது.

இனி ஆரல்வாய்மொழிக்குத் திரும்புவோம். இந்தக் கணவாய் திருவிதாங்கூரின் வாசல். கிழக்கே கும்பினியின் திருநெல்வேலிச் சீமை, மேற்கே மன்னராட்சி. 1809 பிப்ரவரி 10 அன்று கர்னல் செயின்ட் லெஜரின் படை இங்கிருந்த அரணைப் பிடித்தது. வேலுத்தம்பி தளவாயின் எழுச்சி அத்தோடு உடைந்தது. பாடப்புத்தகம் அவரை விடுதலை வீரர் என்கிறது. அதே தளவாயின் குண்டறை அறிக்கையையும் நாம் படிக்க வேண்டும். வெள்ளையர் கோயில்களில் சிலுவை நாட்டுவார்கள், சாதி பாராமல் பார்ப்பனப் பெண்களை மணக்க வைப்பார்கள் என்பதும் மக்களை ஆயுதமெடுக்க அழைத்த காரணங்களில் ஒன்று. நாட்டைக் காக்க என்று தூக்கிய துப்பாக்கி, சாதியையும் சேர்த்தே காக்க வந்தது. பிறகு திருவிதாங்கூர் மீண்டும் அமைத்துக்கொண்ட படைக்குப் பெயர் நாயர் பிரிகேட். யார் ஆயுதம் ஏந்தலாம் என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்தார்கள்.

அந்தச் சண்டைக்கு மூன்றாண்டு முன்பு, 1806இல், இதே கணவாய் வழியாக ரிங்கல்தௌபே என்ற மிஷனரி நுழைந்தார். அவரை அழைத்தவர் பக்கத்து ஊரான மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்ற வேதமாணிக்கம். சாம்பவர் சமூகத்தவர். துப்பாக்கி பிடிக்க முடியாத மக்கள் படிப்பைக் கொண்டுவர இந்த வாசலைத் திறந்தார்கள். ஆரல்வாய்மொழி என்றால் நமக்கு 1809க்கு முன் 1806 நினைவுக்கு வர வேண்டும்.

சரி, துப்பாக்கிக்குப் பேரேடும் வரிசை எண்ணும் இருந்தன. நம் முன்னோருக்கு என்ன இருந்தது? அவர்களுக்கும் ஏடு இருந்தது, தோழர்களே. நாஞ்சில் நாட்டின் அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தில் காக்கப்பட்ட ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை படியெடுத்தார். ஆய்வாளர் அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று பதிப்பித்தார். அவற்றில் அடிமைகளை விற்றதற்கும் ஒற்றி வைத்ததற்கும் எழுதிய ஓலைகள் இருக்கின்றன. ஆள், விலை, வாங்கியவர், விற்றவர் எல்லாம் பதிவாகியிருக்கும். 1836 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் அடிமைகள் 1,64,864 பேர். 1855இல்தான் அடிமை முறை ஒழிக்கப்பட்டதாக அரச அறிவிப்பு வந்தது. பெரும்பாலும் புலையர், பறையர், குறவர்.

ஆக, இந்த மண்ணில் மனிதருக்கும் விலை மதிப்பீடு நடந்திருக்கிறது. துப்பாக்கியின் ஏட்டில் அதை வாங்கியவர் பெருமைக்காக எழுதப்பட்டார். அடிமை ஓலையிலும் வாங்கியவரின் உரிமைதான் எழுதப்பட்டது. இரண்டு ஏடுகளும் உடைமையாளரின் கைகளில் இருந்தன.

'அதெல்லாம் பழைய கதை' என்று யாராவது சொன்னால் இன்றைய சட்டத்தைக் காட்டுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டைத் துப்பாக்கியை வைத்து வேட்டையாட முடியாது. அப்படியும் அதற்கு மவுசு குறையவில்லை. அது சுடுவதற்கான பொருளாக இல்லாமல் 'நாங்கள் யார் தெரியுமா' என்று சுவரில் மாட்டும் பொருளாகிவிட்டது. வாங்க வேண்டுமானால் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அதே கணக்குத்தான். பழுது பார்த்தும் சுட முடியாத பழம்பொருள் துப்பாக்கிக்கு மட்டும் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. நூறாண்டு தாண்டிய பழம்பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

அதே 1959 சட்டத்தின் கீழ் இன்னொரு விலக்கும் இருக்கிறது. குடகு இனத்தவருக்கும் அங்கு ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. வெள்ளையர் காலத்தில் தொடங்கிய இந்தச் சலுகையை ஒன்றிய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் செல்லும் என்றது. குடகு மக்கள்மீது நமக்குப் பகை இல்லை. பிறப்பும் நிலமும் துப்பாக்கிக்குத் தகுதியாக இன்றும் சட்டத்தில் இருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறோம்.

ஆயுதம் ஒரு பக்கமே குவிந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழவெண்மணி: 44 பேர். 1997 டிசம்பர் 1, பீகாரின் லக்ஷ்மண்பூர் பாதே: ரண்வீர் சேனாவின் துப்பாக்கிக்கு 58 பேர். பாதே வழக்கில் தண்டிக்கப்பட்ட 26 பேரையும் 2013இல் பாட்னா உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் துப்பாக்கிகளுக்கு எந்த ஏலத்திலும் வம்சாவளி எழுத மாட்டார்கள்.

இதை அறிந்துதான் 1995இன் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதி எழுதப்பட்டது. பலர் படிக்காமல் விடும் விதி அது. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு கண்டறிய வேண்டும். தேவைப்பட்டால் அங்கு பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவை என்று கண்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் வழங்க வேண்டும். எழுதி முப்பது ஆண்டு ஆகிவிட்டது.

நாம் துப்பாக்கி கேட்டு இதை எழுதவில்லை. ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்ற கணக்கைக் கேட்கிறோம். சட்டம் படிக்கும் தோழர்கள் உங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 3ஆம் விதியின்படி எத்தனை உரிமங்கள் ரத்தாகின, எத்தனை புதிதாகக் கொடுக்கப்பட்டன என்று கேளுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

வரலாறு படிக்கும் தோழர்களுக்கு வேறு வேலை. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்காருங்கள். பெரிய வீட்டுக்காரர் வேட்டைக்குப் போனபோது காடு கலைத்தவர் யார், செத்த பன்றியைச் சுமந்தவர் யார், கூலி என்ன கிடைத்தது, காயம்பட்டவருக்கு யார் மருந்து போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊர் பெயரும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள்.

அன்று அந்த மாணவருக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "இரும்புக்கும் மரத்துக்கும் கொஞ்சம் விலை. மிச்சமெல்லாம் அந்தப் பெயருக்கு. அந்தப் பெயருக்குக் கீழே நம்ம ஆட்கள் பெயரையும் எழுதிட்டு, அப்புறம் விலை போடச் சொல்லு." அவர் கைபேசியை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மயிலாடிக்கு எந்தப் பேருந்து என்று கேட்டார். எல்லோருமாகப் போனோம்.

ஜெய்பீம்.