பழவேற்காடு ஏரியும் ஏவூர்திப் பாதையின் புள்ளிகளும்

பழவேற்காடு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. இந்திய விண்வெளி ஆய்வின் ஏவுதளம் இங்குள்ளது. வளைவரையின் மேல் புள்ளிகளைக் காணும் ஆயத்தொலை வடிவியல் இங்கு அன்றாட வேலைக் கருவியாகும்.

வரலாறு

கிழக்கே திறந்த கடல் இருப்பதாலும், கிழக்கு நோக்கி ஏவும்போது புவியின் சுழற்சி துணைபுரிவதாலும் 1969இல் இத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் ரோகிணி-125 சிறு ஏவூர்திகளுடன் பணி தொடங்கியது. 2002இல் இது சதீஷ் தவான் விண்வெளி மையம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

பாதையைக் குறித்தல்

பறக்கும் ஏவூர்தியின் தொலைவு, திசைக்கோணம், ஏற்றக்கோணம் ஆகிய மூன்றையும் ரேடார் அளக்கிறது. அவற்றிலிருந்து ஒரு புள்ளி கிடைக்கும். தொலைவு 100 கி.மீ., ஏற்றக்கோணம் 30° எனில், புவியின் வளைவைத் தவிர்த்துப் பார்த்தால், உயரம் 100 × சைன் 30° = 50 கி.மீ. ஆகும். இவ்வாறு அடுத்தடுத்துக் கிடைக்கும் புள்ளிகள் திட்டமிட்ட வளைவரையின் மேல் அமைகின்றனவா என்று பார்க்கப்படும்.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட முதல் எஸ்.எல்.வி-3 அப்படி அமையவில்லை. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுக்கான நைட்ரிக் அமிலம் வால்வுக் கோளாறால் கசிந்துவிட்டிருந்தது. 317 நொடிகளில் பயணம் முடிந்து, ஏவூர்தி சுமார் 560 கி.மீ. தொலைவில் கடலில் விழுந்தது. அப்போது திட்ட இயக்குநர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

நீள்வட்டத்தின் புள்ளிகள்

1980 ஜூலை 18 அன்று அடுத்த எஸ்.எல்.வி-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளை 305 × 919 கி.மீ. சுற்றுப்பாதையில் சேர்த்தது. இவை புவிப்பரப்பிலிருந்து மிகக் குறைந்த, மிக அதிக உயரங்கள். புவியின் ஆரத்தை 6378 கி.மீ. எனக் கொண்டால்:

அரை நெட்டச்சு: 6378 + (305 + 919)/2 = 6990 கி.மீ.
மையத்திலிருந்து குவியத்தின் தொலைவு: (919 − 305)/2 = 307 கி.மீ.
அரைக் குற்றச்சு: √(6990² − 307²) ≈ 6983 கி.மீ.

எனவே சமன்பாடு x²/6990² + y²/6983² = 1. புவியின் மையம் (307, 0) என்ற குவியத்தில் உள்ளது. x = 3495 எனப் பதிலிட்டால் y ≈ ±6048. குவியத்திலிருந்து அப்புள்ளிகளின் தொலைவு 6990 − (307/6990) × 3495 = 6836.5 கி.மீ. புவி ஆரத்தைக் கழித்தால் உயரம் 458.5 கி.மீ. கிட்டத்தட்ட வட்டமாகத் தோன்றும் பாதையிலும் உயரம் இவ்வளவு மாறுகிறது.

மீனவ ஊர்களில்

எரிந்து முடிந்த கட்டங்கள் விழும் இடமும் ஒரு புள்ளியே. அவற்றின் வீழ்பாதை கடல்மட்டத்தை வெட்டும் இடம் அது. அதைச் சுற்றிப் பிழைக்கு இடம் விட்டுக் கடலில் தடைப்பகுதி வரையறுக்கப்படுகிறது. ஏவுதல் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவிக்கப்படுகிறது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை விரிப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைக்கும் 'பாடு' வழக்கம் கொண்டவர்கள் இவர்கள். கடலில் ஏவுதல் நாளன்று அந்த முடிவு ஏவுதளக் கணக்கிலிருந்து வருகிறது. அன்று கரையில் நிற்கும் படகுக்கு அந்நாளின் வருமானம் இல்லை.