மெழுகிய கையும் பதித்த கையும்

மண்தரை வீடுகளில் தரை வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. மண்ணைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கி, காய்ந்ததும் சாணம் கரைத்து மெழுகுவார்கள். வெடித்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம். வாராவாரம் குனிந்து மெழுகும் பாடு பெரும்பாலும் பெண்களுடையதாகவே இருந்தது.

தரையைக் கொத்தனார் கைக்கு மாற்றியவை சுண்ணாம்பும் சிமெண்டும். செட்டிநாட்டில் இந்த மாற்றம் பகட்டாகவே நடந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பணத்தில் நகரத்தார் கட்டிய வீடுகளுக்கு இத்தாலியச் சலவைக்கல்லும் ஜப்பான், இங்கிலாந்து ஓடுகளும் கப்பலேறி வந்தன. அதே காலத்தில், சூளையில் சுடாமல் சிமெண்டை அழுத்தியே பூக்கல் செய்யும் முறை ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்தது. 1867 பாரிஸ் கண்காட்சியில் பார்சிலோனாக்காரர்கள் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். 1922இல் சுதேசி உணர்வோடு மும்பையில் இத்தகைய கல் செய்யும் பாரத் ஃப்ளோரிங்ஸ் நிறுவனம் தொடங்கியது. காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியிலோ இத்தொழில் இன்றுவரை கைவேலையாகவே நிற்கிறது.

கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குகிறார் தொழிலாளி. ஈரத்தை உறிஞ்ச மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் சாந்து அப்பிக் கரண்டியால் வழிக்கிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டால் கண்ணாடி தனியே பிரியும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்ததுதான்.

கையால் செய்வதால் ஒரு கல்லின் கனம் இன்னொன்றுக்கு இருக்காது. பதிப்பது கடினமாவது இதனால்தான். கனமான சாந்துப் படுகை போட்டு, நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, ஏறி நிற்கும் கல்லைத் தட்டி இறக்கி, இடைவெளியே தெரியாமல் சேர்க்க வேண்டும். மேலே சிந்திய சிமெண்டை உடனே துடைக்காவிட்டால் கறை நிரந்தரம். ஆசிட் ஊற்றினால் பூவே அரித்துப்போகும்.

1956இல் அமெரிக்காவின் ஹென்றி ராத்பெர்க் லேடெக்ஸ் கலந்த மெல்லிய ஒட்டுச்சாந்தைக் கண்டுபிடித்தார். ஒரே கனத்தில் ஆலையிலிருந்து வரும் டைல்ஸும் இத்தகைய சாந்தும் சேர்ந்ததால், சின்னக் குளியலறையை வீட்டுக்காரரே பதித்துப் பார்க்கலாம் என்றாயிற்று. அதில் தவறில்லை. ஆத்தங்குடிக் கல்லில் மட்டும் அந்தச் சோதனை வேண்டாம். கல் வாங்குமிடத்திலேயே பதித்துப் பழகிய ஆளையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கொத்தனார் போனபின் வீட்டாருக்கும் வேலை உண்டு. உமி போட்டுத் தேய்த்து, துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது பழைய வழக்கம். ஆள் நடமாடி, துடைக்கத் துடைக்கத்தான் இந்தத் தரை மினுங்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் மங்கிவிடும்.